பச்சைப் பலகைக்குள் கமிட்டி அங்கிள்

என் கணவருக்கு மெதுவாகப் பேச வராது. வீட்டிலிருந்தபடி ஆபீஸ் மீட்டிங்கில் அவர் 'குட் மார்னிங்' சொன்னால் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் அதிரும். நான் ஆஸ்பத்திரி லேபில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவள். காலையில் வந்து படுத்தால், அவருடைய டீம் முழுவதும் என் தலையணைமேல் உட்கார்ந்து மீட்டிங் நடத்துவது போலிருக்கும். காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். ஃபேனை வேகமாக வைத்துப் பார்த்தேன். ஒருநாள், "எனி கொஸ்டின்ஸ்?" என்று அவர் கேட்டது சுவரைத் தாண்டி வந்ததும் எழுந்து போனேன். நைட்டியோடு கேமராவுக்கு முன்னால் நின்று, "எப்பதான் முடிப்பீங்க?" என்று தமிழில் கேட்டேன். அந்த டீமில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும்.

அதற்கடுத்த வாரம், வீட்டுக்குப் பின்னால் புல்வெளியில் அவருக்கென்று தனியாக ஓர் ஆபீஸ் அறை கட்டுவது என்று முடிவாயிற்று.

ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் ஊர் கேட்டியில் இப்படி ஓர் அறை கட்டுவதற்குச் செங்கல்லும் கொத்தனாரும் வேண்டாம். கான்கிரீட் தரை போட்டு, கட்டைகளை நிறுத்திச் சட்டம் அடித்து, மேலே கூரை போட்டால் பாதி வேலை முடிந்தது. அதுவரை கான்ட்ராக்டர் செய்து கொடுத்தார். சுவர் மட்டும் பாக்கி. கட்டைகளுக்கு வெளியே ஷீத்திங் போர்டு என்னும் பெரிய பெரிய பலகைகளை வைத்து அறைய வேண்டும். மரச் சிராய்களைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை அது. ஒரு பக்கம் மரம் தெரியும், மறுபக்கம் பச்சை நிறத்தில் ஒரு பூச்சு. அந்தப் பச்சைதான் மழையைத் தடுக்கும். இணைப்புகளில் டேப் ஒட்டிவிட்டால் சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்று கடையில் சொன்னார்கள்.

"இது மட்டும் நாமளே பண்ணிக்கலாம். சிம்பிள். சின்னப் பசங்க அட்டை ஒட்டற மாதிரிதான்," என்றார் என் கணவர். சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கச் சொன்னால் மூன்று மாதம் யோசிப்பவர் அவர்.

துணைக்கு அவருடைய ஆபீஸ் நண்பர் வந்தார். நெல்லைக்காரப் பிள்ளை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்ட நன்றிக்கு அந்த வாரம் முழுவதும் பலகை அடிக்கும் வீடியோக்களாகப் பார்த்துத் தயாராகியிருந்தார். காற்றழுத்தத்தில் ஆணியைச் சுடும் நெயில் கன் ஒன்றையும் வாடகைக்கு எடுத்து வந்தார். அதை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, "தம்பி, அதைக் கீழ பாத்துப் புடிப்பா," என்றேன்.

"கவலைப்படாதீங்க அண்ணி. ட்ரிகர்லயே வெரல் இல்ல."

எனக்குக் கொடுத்த வேலை உள்ளே நிற்பது. வெளியிலிருந்து பலகையில் ஆணி அடிப்பவருக்கு, பின்னால் கட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாது. கோடு போட்டுக்கொண்டுதான் அடிக்கிறார்கள், ஆனாலும் தவறும். தவறிய ஆணி கட்டைக்குப் பக்கத்தில் பளபளவென்று உள்ளே நீட்டிக்கொண்டு வரும். அதை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பிடுங்கிவிட்டு வேறு ஆணி அடிப்பார்கள். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, அறைக்கு நட்டநடுவில் என்னை நிறுத்தி, "சுவர்கிட்ட மட்டும் வந்துடாத," என்றார் கணவர்.

முதல் பலகையைத் தூக்கி வைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. கான்கிரீட்டைத் தொடாமல் கீழே கொஞ்சம் தூக்கி நிறுத்த வேண்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஆணி கனத்துக்கு இடைவெளி விட வேண்டும், வெயிலிலும் ஈரத்திலும் மரம் உப்புமாம். இதையெல்லாம் நண்பர் ஒவ்வொன்றாகச் சொல்ல, என் கணவர் பலகையைத் தோளில் தாங்கிக்கொண்டு, "பாடம் அப்புறம் எடுப்பா, கை விட்டுப் போகுது," என்று கத்தினார். பிறகு 'டப் டப்' என்று ஆணிகள் இறங்கின.

"மிஸ்!" என்றேன்.

"எங்க?"

"அஞ்சாவது."

'டப்.'

"அதுவும் மிஸ்."

"கரெக்டா பாத்துச் சொல்லு!"

"கரெக்டாத்தான் மிஸ் ஆயிருக்கு!"

ஆரம்பத்தில் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். இரண்டாவது சுவர் வந்தபோது எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் செய்ததைத் தப்பு என்று சொன்ன மறு நிமிஷம், பதில் பேசாமல் அவர் திருத்திக்கொண்டது அன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதவுக்கும் ஜன்னலுக்கும் விட்ட இடத்தைச் சுற்றிப் பலகையை வெட்டி வெட்டிப் பொருத்துவது கஷ்டம். அதனால் எல்லாவற்றையும் சேர்த்து முழுப் பலகையால் மூடிவிட்டு, பிறகு கதவு வரும் இடத்தை ரம்பத்தால் வெட்டி எடுப்பது ஒரு முறையாம். வேகமாக முடியும், சுவரும் உறுதியாக இருக்கும் என்று நண்பரின் வீடியோ சொன்னது. கடைசிப் பலகையும் ஏறியபிறகு நான் உள்ளிருந்து பாட்டரி ட்ரில்லால் கதவின் மூலைகளிலும் ஜன்னலின் மூலைகளிலும் ஓட்டை போட வேண்டும். அந்த ஓட்டைகளை வைத்து அவர்கள் வெளியிலிருந்து வெட்டுவார்கள். "ரெண்டே நிமிஷம் அண்ணி, வெளிய வந்துடுவீங்க."

மூன்று சுவர்கள் முடிந்து, அவர்கள் பின்பக்கம் கடைசிப் பலகைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அங்கிள் உள்ளே வந்தார்.

பக்கத்து வீட்டு அங்கிள். ஹூஸ்டனில் எண்ணெய் ரிஃபைனரி இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஹெச்.ஓ.ஏ. என்னும் குடியிருப்போர் சங்கத்தின் கமிட்டியில் உறுப்பினர். எங்கள் குப்பைத் தொட்டி வாசலில் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றால் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வரும். தீபாவளிக்குப் போட்ட விளக்குச்சரத்தை எடுக்கத் தாமதமானதற்கும் வந்தது. சாயங்காலமானால் அவர் தன் காரில், வீட்டு வாசலிலேயே, இன்ஜினை அணைத்துவிட்டு ஜன்னலைப் பாதி இறக்கி உட்கார்ந்திருப்பார். தெருவில் யார் என்ன தப்பு செய்கிறார்கள் என்று காவல் காக்கிறார் என்பது எங்கள் எல்லோருடைய முடிவு. எங்கள் வீட்டில் அவருக்குக் கமிட்டி அங்கிள் என்று பெயர்.

அந்தக் கமிட்டி அங்கிள் கையில் அளக்கும் டேப்போடு கதவு வரும் இடத்தில் நின்றார்.

"ஹலோம்மா. ஒரு நிமிஷம். சும்மா ஹைட் மட்டும் பாத்துக்கறேன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அங்கிள், ப்ளான் குடுத்து அப்ரூவல் வாங்கிட்டோம். வேலிக்கு மேல எவ்ளோ தெரியணுமோ அவ்ளோதான் தெரியும்."

"தெரியும் தெரியும். நான்தான கையெழுத்துப் போட்டேன்," என்றபடி உள்ளே வந்து டேப்பை மேலே நீட்டினார். அது பாதியில் மடிந்து அவர் தலையிலேயே விழுந்தது. மறுபடி நீட்டினார்.

"அங்கிள், ஆணி அடிக்கறாங்க. வெளிய போயிடுங்க."

"ஒன் மினிட்மா. இந்தக் கட்டைக்கும் அந்தக் கட்டைக்கும் எவ்ளோ கேப்?"

அதற்குள் வெளியே கம்ப்ரஸர் உறும ஆரம்பித்துவிட்டது. ஆண்கள் இருவரும் காதுக்கு மூடி போட்டவர்கள். ஒரு பச்சைப் பலகை தானாக நடந்து வருவதுபோல் வந்து கதவு இடத்தை மறைத்தது. "ஏங்க! நில்லுங்க!" என்று கத்தினேன். 'டப் டப் டப்' என்றது. நான் அங்கிளின் கையைப் பிடித்து நடுவில் இழுத்து, கூடுதலாக இருந்த கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டினேன். அடுத்த பலகை ஜன்னலை மூடியது. கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்து வழியாக வந்த கொஞ்சம் வெளிச்சம் தவிர எல்லாம் இருட்டு.

கம்ப்ரஸர் நின்றது. "மிஸ் இருக்கா?" என்று வெளியிலிருந்து கணவரின் குரல்.

நான் வாயைத் திறந்தேன். அங்கிள் என் முன்னால் இரண்டு கைகளையும் கூப்பி, "சொல்லாதம்மா," என்று கிசுகிசுத்தார். "நான் பெர்மிஷன் இல்லாம வந்தது தெரிஞ்சா அசிங்கம். வெட்டின உடனே அப்படியே நழுவிடறேன்."

எனக்கு நோட்டீஸ் அனுப்பியவர் என்னிடம் கெஞ்சுகிறார். அந்த நிமிஷத்தைக் கொஞ்சம் அனுபவித்தேன் என்பதை மறைப்பானேன். "இல்லங்க," என்று வெளியே குரல் கொடுத்துவிட்டு ட்ரில்லை எடுத்தேன். கதவின் கீழ்மூலைகள் இரண்டிலும், ஜன்னலின் கீழ்மூலை ஒன்றிலும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போட்டேன்.

அப்போதுதான் இடி இடித்தது. ஹூஸ்டன் பக்கத்து மழை சொல்லிக்கொண்டு வராது. வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. "கன்னை எடுத்து உள்ள வைப்பா!" என்று என் கணவர் கத்துவதும், இருவரும் வீட்டுக்குள் ஓடுவதும் கேட்டது. சிறிது நேரத்தில் தெருக்கோடியில் 'டமால்' என்று ஒரு சத்தம். டிரான்ஸ்ஃபார்மர். எங்கள் தெருவில் பெரிய மழை என்றால் அதுதான் முதலில் போகும். கதவை வெட்ட எடுத்து வந்த வாடகை ரம்பமோ கரன்டில் ஓடுவது.

வீட்டுப் பின்வாசலிலிருந்து என் கணவர் கூவினார்: "கரன்ட் போயிடுச்சு! பயப்படாத! வந்ததும் வெட்டிடறோம்!" அவ்வளவு மழையிலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. அந்தக் குரலால் எனக்கு உபயோகம் இருந்தது அன்று ஒருநாள்தான்.

அங்கிள் சுவரைத் தடவிப் பார்த்தார். பலகையில் ஈரமே இல்லை. இணைப்பில் மட்டும் மெல்லிய கோடாகத் தண்ணீர் கசிந்தது. "டேப் ஒட்டினா இதுவும் நின்னுடும். நல்ல போர்டும்மா," என்றார். அவர் வாயிலிருந்து எங்கள் வீட்டைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது. பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

அவருடைய போன் அடித்தது. ஆன்ட்டி. மூடிய அறைக்குள் ஆன்ட்டியின் குரல் எனக்கும் நன்றாகக் கேட்டது.

"எங்கங்க இருக்கீங்க?"

"நானா? க்ராசரி வாங்க வந்தேன்."

"கார் வாசல்ல நிக்குது?"

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நடந்து வந்தேன்."

"நடந்தா?" என்றார் ஆன்ட்டி. கேட்டியில் ஒருவர் கடைக்கு நடந்து போனேன் என்று சொன்னால் யாராக இருந்தாலும் முதலில் அவர் உடம்பைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். கார்கள் பறக்கும் ஃப்ரீவேயைத் தாண்டாமல் கொத்தமல்லிக் கட்டு கூட வாங்க முடியாத ஊர் இது. "டாக்டர் வாக்கிங் போகச் சொன்னார்ல," என்று சொல்லிவிட்டு அங்கிள் போனை வைத்தார்.

"ஏன் அங்கிள் பொய் சொல்றீங்க? அளக்க வந்தேன்னு சொல்ல வேண்டியதுதானே? அதான உங்க வேலை?"

அவர் டேப்பை இழுத்தார், விட்டார். மறுபடி இழுத்தார்.

"கமிட்டிக்காக அளக்கலம்மா. எனக்காக அளந்தேன்."

"உங்களுக்கா?"

"எனக்கும் இப்படி ஒரு ரூம் வேணும்," என்றார். பிறகு மழையைவிட வேகமாகக் கொட்டினார். கலிபோர்னியாவிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்துவிட்டான். அவனுக்கும் மருமகளுக்கும் வீட்டிலிருந்தே வேலை. "பையன் என் ஸ்டடி ரூம் எடுத்துக்கிட்டான். மருமக டைனிங் டேபிள். ஹால்ல பேரன் பேத்தி. பெட்ரூம்ல உங்க ஆன்ட்டி ஆன்லைன்ல சுலோகம் கிளாஸ் எடுக்கறா. நான் எங்கம்மா போறது? பாத்ரூம்ல உக்காந்தா அங்கயும் 'தாத்தா, ஆர் யூ டன்?'னு கதவத் தட்டறாங்க. அதான் கார்ல போய் உக்காந்து பேப்பர் படிக்கறேன்."

"நாங்க, நீங்க எங்க குப்பைத் தொட்டிய வாட்ச் பண்றீங்கன்னு நெனச்சோம்."

"அதையும் பாப்பேன். கண்ணுக்கு நேரா இருக்கே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் நான்கு படுக்கையறை வீட்டுக்குச் சொந்தக்காரர், வாசலில் நிற்கும் காரில் குடியிருக்கிறார். தூங்க இடமில்லாமல் தவித்த எனக்கு அது புரியாமல் இருக்குமா?

"வீட்ல சொல்லலியா?"

"எப்படிச் சொல்றது? 'நீங்கல்லாம் வந்தது எனக்கு எடஞ்சல்'னு ஆயிடும். அதுவுமில்லாம, இந்த ஹைட்டுக்கு மேல ஷெட் கட்டக் கூடாதுன்னு ரூல் போட்டதே நான்தான். எனக்கு இன்னும் ஒரு அடி வேணும்."

மழை குறைந்தது. நனைந்த புல்லில் யாரோ சளக் சளக்கென்று நடந்து வரும் சத்தம். ஆன்ட்டியின் குரல் பதறியது: "எங்க வீட்டுக்காரர் கடைக்கு நடந்தே போயிட்டாராம்! இந்த மழையில! போனையும் வெச்சிட்டார். கொஞ்சம் கார் எடுத்துட்டுப் போய்ப் பாக்கறீங்களா?"

"அய்யய்யோ, இதோ கெளம்பறேன் ஆன்ட்டி," என்றார் என் கணவர். "நீ ஃப்ரீவே பக்கம் பாரு, நான் பாலத்துக்குக் கீழ பாக்கறேன்," என்று நண்பருக்குக் கட்டளை வேறு. சாவிக்கொத்து குலுங்கியது.

நான் இதற்குமேல் தாங்க மாட்டேன் என்று ஜன்னல் மூலை ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினேன். "எங்கயும் போகாதீங்க! அங்கிள் இங்கதான் இருக்கார்!"

சளக் சளக் சத்தம் சுவரருகே வந்தது. பிறகு அந்த ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. மை தீட்டிய, கோபமான கண்.

"உள்ள என்ன பண்றீங்க?"

"அளக்கறேன்," என்றார் அங்கிள்.

"யாரைக் கேட்டு?"

கண் என்னைத் தேடியது. "நீ எப்படிம்மா இருக்க? மூச்சு விட முடியுதா?"

"நல்லா இருக்கேன் ஆன்ட்டி. மேல சந்து இருக்கு."

எங்களை வெளியே எடுப்பது எப்படி என்று ஆலோசனை நடந்தது. ஆணிகளைப் பிடுங்கலாம் என்றார் கணவர். நண்பர் தலையைச் சொறிந்துகொண்டு, "இது ஹரிகேன் புயல் வர்ற ஏரியா இல்லையாண்ணே, அதான் ஆணிய ரெண்டு மடங்கா அடிச்சுட்டேன்," என்றார். கடப்பாரையை வைத்து நெம்பிப் பார்த்தார்கள். பலகை அசையவில்லை. தான் செய்த வேலை இவ்வளவு உறுதியாக இருந்ததில் நண்பருக்கு வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம் தெரிந்தது.

ஆன்ட்டி வீட்டுக்குப் போய், கறிவேப்பிலை மரத்துக் கிளைகளை வெட்டும் சின்னக் கைரம்பத்தைக் கொண்டுவந்தார். அதன் கூர்முனை நான் கதவின் கீழ்மூலையில் போட்ட ஓட்டையில் நுழைந்தது. ஆண்கள் முறைவைத்து அறுத்தார்கள். ஓர் அடி அறுக்க ஒரு யுகம் ஆயிற்று. கோடு ஆற்றுநீர் போல வளைந்து வளைந்து போனது. இடையில் ஆன்ட்டி ஏணியில் ஏறிக் கூரைச் சந்து வழியாக ஒரு ப்ளாஸ்கையும் முறுக்குப் பையையும் உள்ளே நீட்டினார். "அந்தப் பொண்ணுக்கு மட்டும்," என்று உரக்கச் சொன்னார். நான் பாதியை அங்கிளுக்குக் கொடுத்தேன். முறுக்கைக் கடிக்கும் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று அவர் ஊறவைத்துத் தின்றார்.

கடைசியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு வழி உண்டானது. முதலில் நான் வந்தேன். பின்னால் கமிட்டி அங்கிள், கண்ணாடியும் மரத்தூளுமாக, நான்கு காலில் வந்தார். ஆன்ட்டி திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், அவர் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட ஆரம்பித்தார்.

"அவர் உங்களுக்கு ஒண்ணு சொல்லணுமாம்," என்றேன் நான். அங்கிள் என்னை முறைத்தார். பிறகு நனைந்த புல்லில் நின்றபடி, காரில் உட்காருவது முதல் எல்லாவற்றையும் சொன்னார்.

"நாங்கல்லாம் பேசற சத்தம் புடிக்காம நீங்க கோவிச்சுக்கிட்டு கார்ல போய் உக்கார்றீங்கன்னு இல்ல நெனச்சேன்," என்றார் ஆன்ட்டி. "ரூம் வேணும்னா வாயத் தொறந்து கேக்க மாட்டீங்களா? ஊருக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பத் தெரியுதுல்ல?"

உயர விதியை மாற்றச் சொல்லி அங்கிள் கமிட்டியில் பேசினார். விதியைப் போட்டவரே வந்து நிற்கிறாரே என்று மற்றவர்கள் கேலி செய்திருக்கிறார்கள், ஆனால் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த புயல் சீசனுக்கு முன் அவர் வீட்டிலும் மரச்சட்டம் எழுந்தது. பலகை அடிக்க நாங்கள்தான் போனோம். என் கணவருக்கு இப்போது ஆணி கட்டையில்தான் இறங்கும். உள்ளே நிற்கும் வேலையை ஆன்ட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். நன்றாக இறங்கிய ஆணிக்கும் அவர் "மிஸ்!" சொன்னதால் வேலை பாதியில் நின்று, நான் உள்ளே போக வேண்டியதாயிற்று. இந்தமுறை கதவு இடத்தை மூடவில்லை. இணைப்புகளில் டேப் ஒட்டி, உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார் அங்கிள். ஒரு சுருக்கம் இருந்தால்கூட உரித்துவிட்டு மறுபடி ஒட்டினார். அவர் கமிட்டிக்காரர் என்பது அப்போதுதான் எங்களுக்கு உபயோகப்பட்டது.

எல்லாம் முடிந்ததும் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தனியாக உள்ளே போனார். நாங்கள் வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரத்தில் தலையை வெளியே நீட்டினார்.

"எப்படி அங்கிள் இருக்கு?"

"சூப்பரா இருக்கு. ஒரு சத்தம் இல்ல." கொஞ்சம் தயங்கினார். வீட்டுப் பக்கச் சுவரைக் காட்டினார். அதில்தான் ஒரு சுருக்கமில்லாமல் டேப் ஒட்டி முடித்திருந்தோம். "இந்தப் பக்கம் ஒரு சின்ன ஜன்னல் வெச்சா நல்லாருக்கும்ல? உள்ள என்ன பேசிக்கிறாங்கன்னே தெரிய மாட்டேங்குது."

என் கணவர் காபியை வைத்துவிட்டு, எனக்கு மட்டும்தான் கேட்கும் என்று நினைத்து எதையோ முணுமுணுத்தார். அவர் முணுமுணுப்பு தெருக்கோடி வரை கேட்கும். ஆன்ட்டி சிரித்துக்கொண்டே ரம்பத்தை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தார்.